பஸ் ஸ்டாப்பில் ஒரு பந்தயம்

இன்று பள்ளி திறப்பு. கடற்கரை ஸ்டாப்பில் இறங்கும்போது என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குத்தானாம்.

என்னைக் கண்டதும் ஷைனி, ஜெனிபாவிடம் கையை நீட்டினாள்.
"ஏட்டி, நான் சொன்னம்லா வருவாவன்னு. எடு மாங்காய."

என்ன சங்கதி என்று கேட்டேன்.

"கணக்கு டீச்சருமாரு யாரும் லீவு கழிஞ்சு திரும்பி வரமாட்டாவ. நீங்களும் வரமாட்டியன்னு இவ பந்தயம் கட்டினா டீச்சர். நாந்தான் வருவியன்னேன்."

மே மாதம் முழுக்க நான் திருவட்டாறுக்கு, வீட்டுப் பக்கமாக, மாறுதல் கேட்டு அலைந்தது அவளுக்குத் தெரியாது. அங்கே காலியிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இன்று அந்த ஸ்டாப்பில் இறங்கினேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஷைனி மாங்காயைக் கல்லில் அடித்து உடைத்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள்.
"இது டீச்சருக்குள்ள பங்கு. நீங்க வந்ததுனாலதானே கிடைச்சுது."

வாங்கித் தின்றேன். நல்ல புளிப்பு.

ஜெனிபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அடுத்த வருசம் எங்களுக்குப் பத்தாங்கிளாஸ் டீச்சர். அப்பவும் நீங்க வரமாட்டியன்னுதான் நான் கட்டுவேன்."

இரண்டு பேரில் என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பது தோற்றவள்தான்.

அடுத்த மே மாதம் மறுபடியும் மாறுதல் கேட்கலாம். அந்தப் பந்தயத்தில் நான் யார் பக்கம் கட்டட்டும்? நீங்களே சொல்லுங்கள்.