ரதம் வராத ரோடு

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியின் ஆங்கில வாத்தியார். ‘ரோடு’ என்றால் என்னென்ன பொருள் என்று மாணவர்களைக் கேட்பேன். ஒன்றிரண்டு சொல்லிவிட்டு அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். பிறகு வாத்தியாருக்கே உரிய தோரணையோடு பலகையில் எழுதுவேன். வண்டி போகும் பாதை, ஓர் இலக்கை அடையும் வழி, ஊர் ஊராகச் சுற்றும் கலைஞர்களின் பிழைப்பு. துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் கடலுக்கும் அதே சொல்தான் என்றதும் வகுப்பு வாயைப் பிளக்கும்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள்களை மட்டும் இதுவரை எந்தப் பலகையிலும் எழுதியதில்லை. அங்கே ‘ரோட்டுக்குப் போறேன்’ என்றால் டவுனுக்குப் போவதாக அர்த்தம். ‘எங்க ரோட்டு ஆளு’ என்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கேட்காமலே வந்து நிற்கிறவர். தோட்டம் விற்கப்பட்டபோது ‘எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டோம்’ என்றார்கள். அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

எங்கள் ரோடு செம்மண் ரோடு. தார் ரோட்டிலிருந்து கோயிலுக்குப் பக்கத்தில் பிரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் முன்னால் ஓடும். அதற்குப் பெயர் கிடையாது. மழை பெய்தால் முழங்கால் வரை அப்பிக்கொள்ளும். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, வெள்ளைச் சப்பாத்தில் சிவப்புக் கறை இருந்தால் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அதனால் தினமும் காலையில் அண்ணன் என்னை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துத் தார் ரோடு வரை கொண்டுவந்து விடுவார். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பஸ் நிற்கும் இடத்தில்தான் மாட்டுவேன். அண்ணனின் காலில் மண் இருக்கும். அவர் அப்படியே ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார்.

இன்றைக்கு அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயிலும் அந்த ரோடும் மட்டும் இருக்கின்றன. திருவிழா அன்று மாரியம்மன் ரதம் கோயிலிலிருந்து புறப்பட்டு, வீடுகள் இருந்த காலத்தில் போன மாதிரியே செம்பனைக்குள் போகும். அந்தந்த வீடு இருந்த இடத்தில் அந்தந்தக் குடும்பம் தட்டோடு நிற்கும். ரோட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அர்ச்சனை செய்து, தேங்காய் உடைத்த பிறகுதான் ரதம் நகரும். வீடு போய்விட்டது என்பதற்காக ஆத்தாளை வாசலில் நிறுத்தாமல் அனுப்ப முடியுமா என்பது எங்கள் ஆட்களின் நியாயம். வருடத்துக்கு வருடம் ஆட்கள் குறைந்து, கடைசியில் தட்டோடு நிற்பவர் அண்ணன் ஒருவர்தான் என்றாகிவிட்டது. அவர் ஈப்போவிலேயே புந்தோங் பக்கம் இருக்கிறார், தொழிற்சாலையில் வேலை. திருவிழாவுக்கு முதல் நாளே லீவு போட்டுவிட்டுப் போய், எங்கள் வீட்டின் மிச்சமான சிமெண்டுப் படிக்கட்டைச் சுற்றிப் புல் வெட்டுவார்.

ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். மனு எழுதுவது படித்தவன் என்ற முறையில் என் வேலை. சென்ற வருடம், ரதம் போகும் பாதையை எழுத வேண்டிய இடத்தில் தார் ரோட்டின் பெயரை மட்டும் எழுதினேன். பெயரில்லாத ரோட்டைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனுவை வாங்கிய போலீஸ் அதிகாரியோ, “உள்ளே ஏதும் பாதை இருந்தால் வரைபடம் போட்டுக் கொடுங்கள், சிக்கு, சேர்த்துக்கொள்ளலாம்” என்று மலாயில் வலியச் சொன்னார். இங்கே வாத்தியாரை எல்லாரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வேண்டாம் என்றேன்.

உண்மையான காரணம் வேறு. அந்த வருடம்தான் என் மனைவியின் பெற்றோர் முதல்முறையாக எங்கள் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். மாமா ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சேற்றில் அவரை நடக்கவைத்து, புல்லுக்கு நடுவில் ஒரு படிக்கட்டைக் காட்டி, இதுதான் நான் பிறந்த வீடு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் அங்கே நிற்பார் என்பது தெரியாது என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். நன்றாகத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று சொல்லவில்லை.

அன்று போலீஸ் மோட்டார் முன்னால் போக, ரதம் தார் ரோட்டில் போய், அதே வழியில் திரும்பியது. செம்மண் ரோட்டின் முனையைக் கடக்கும்போது மாமா என் தோளைத் தொட்டார்.

“தம்பி, உங்கட வீடு இருந்த இடம் இஞ்சதானே? ஒருக்கா காட்டுங்கோவன்.”

“அது ரொம்ப உள்ள, மாமா. போக முடியாது.”

“நடந்தே போகலாமே. எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு” என்றார். நான் காதில் விழாதவன்போல ரதத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ரதம் கோயிலுக்குத் திரும்பி வெகுநேரம் கழித்து அண்ணன் மோட்டாரில் வந்தார். தட்டைத் துண்டால் மூடிக் கூடையில் வைத்திருந்தார். தேங்காய் உடையாமல் இருந்தது.

“என்ன தம்பி, ரோட்டுல மரம் கிரம் விழுந்திருச்சா? ரதம் வரலயே. நான் அங்கயே நின்னுக்கிட்டு இருந்தேன்.”

“போலீஸ்ல விடலண்ணே. உள்ள போகக் கூடாதுன்னுட்டாங்க.”

“அப்படியா? சரிலா. அவங்க வேலை அவங்களுக்கு.”

தட்டைக் குருக்களிடம் கொடுத்தார். யார் பெயருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டபோது என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அன்றைக்குக் கையில் வாங்கிய விபூதியைப் பூசிக்கொள்ள மனம் வரவில்லை.

இந்த வருடம் மனு கொடுக்கும் காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலிபின் பகுதியில் இருக்கும் என் வீட்டு வாசலில் அண்ணன் வந்து நின்றார், கையில் சுருட்டிய நாள்காட்டித் தாளோடு.

“நானும் வாரேன் தம்பி. போலீஸ் துவான்கிட்ட நானே கேட்டுப் பாக்குறேன். விடமாட்டேன்னா எப்படி?”

என்னென்னவோ சாக்குச் சொன்னேன். அவர் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் போன போலீஸ் நிலையத்தில் அதே அதிகாரிதான் இருந்தார். அண்ணன் தாளை முகப்பு மேசையில் விரித்தார். அதன் பின்பக்கத்தில் பேனாவால் அந்த ரோட்டை வரைந்திருந்தார். இரு பக்கமும் கட்டம் கட்டமாக வீடுகள். ஒவ்வொன்றிலும் ஐந்தாம் வகுப்போடு நின்ற அவருடைய கோணல் எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு. கங்காணி வீடு, தண்டல் வீடு, தையல்காரக்கா வீடு. எங்கள் கட்டத்தைத் தேடினேன். அப்பா பெயர் இருக்கும் என்று நினைத்தேன். ‘வாத்தியார் வீடு’ என்று எழுதியிருந்தது.

அதிகாரி அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். “ரூமா சிக்கு” என்று அதையே மலாயில் சொன்னார் அண்ணன், பெருமையாக.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். போன வருடம் நீங்கள் இந்தப் பாதையைக் கேட்கவே இல்லையே சிக்கு, வரைபடம் தந்திருந்தால் அப்போதே அனுமதித்திருப்பேனே என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அண்ணனுக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“லூப்பா, துவான்” என்றார் அண்ணன். மறந்துவிட்டாராம், சிக்குவுக்கு வேலை அதிகமாம். சொல்லிவிட்டு அவரும் அதிகாரியோடு சேர்ந்து சிரித்தார்.

வெளியே மோட்டார் நிறுத்திய இடத்துக்கு வந்தோம். “அண்ணே, போன வருசம்…” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“தெரியும்லா. அன்னைக்கே தெரியும்” என்று ஹெல்மெட்டை மாட்டினார். “புதுச் சப்பாத்து போட்டிருந்தியே. மண்ணு ஒட்டிக்கும்னு பாத்திருப்ப. இந்த வருசம் சிலிப்பர் போட்டுக்கிட்டு வா, தம்பி. மாமாவையும் கூட்டிட்டு வா.”

சரி என்று தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.