முன் ஹோலில் ஒரு நாடுகடத்தல்

உக்குவளை ரயில் பாதையோரம் குடியிருக்கும் இத்ரூஸ் முதலியார், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் இருப்பவரை முதலியார் என்று அழைப்பது வழக்கம். ஓய்வுக்குப் பிறகும் அது ஒட்டிக்கொண்டது. அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாதத்தைத் தொடங்கினால், அது கொண்டுபோய்விடும் இடம்வரை கூடவே போவார். இந்தக் குணம் படித்தவர்களிடம்கூட அபூர்வம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதற்கு அது அவ்வளவு வசதியானதும் அல்ல.

அவருடைய தலைவலி, மனைவி மஸீஹாவின் தம்பி றம்ஸி. குவைத்தில் வேலை முடிந்து வந்தவன், நோன்புப் பெருநாள் மட்டும் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னான். அடுத்த வாரம் அவனுடைய சாமான்கள் கார்கோவில் வந்து இறங்கின. பால்மா, போர்வை, அத்தர் எல்லாம் எவரும் அனுப்புவதுதான். நின்ற இடத்திலேயே ஓடும் மெஷின் ஒன்றையும் றம்ஸி அனுப்பியிருந்தான். அது கொள்ளும் இடம் முன் ஹோலில், காற்று வரும் ஜன்னலோரம் மட்டுமே இருந்தது. அங்கே கிடந்த, முதலியார் சாய்ந்து வாசிக்கும் சாய்மனைக் கதிரை குசினிக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளும் கடந்துவிட்டது, அவன் போகவில்லை. தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முதலியார் புத்தகத்தைத் திறக்கும்போது றம்ஸி ஓடத் தொடங்குவான். குசினியில் பீங்கான்கள் நடுங்கும்.

தினமும் ஓடியும் ஓரடிகூட நகராத ஒருவனை எங்கே அனுப்புவது?

விடை ஒரு பழைய ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சயாம், சீனா போன்ற அந்நிய நாடுகளில் இருந்த பிரித்தானியப் பிரஜைகளைப் பற்றிய விதி அது. ஒரு பிரஜை அங்கே அமைதியைக் கெடுப்பான் போலத் தெரிந்தால், கொன்சல் என்னும் பிரித்தானியத் தூதர் அவனைக் கூப்பிட்டு நன்னடத்தைக்குப் பிணை கேட்கலாம். பிணை நிற்க ஆள் இல்லாவிட்டால் சொந்த ஊருக்குக் கப்பலேற்றலாம். மாத்தளையிலிருந்து போன வியாபாரியும் அன்று பிரித்தானிய ராஜாவின் பிரஜைதான். அவனை மாத்தளைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அடி இல்லை, வசவு இல்லை. முதலியாருக்கு அதன் நாகரிகம் மிகவும் பிடித்துப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, பழைய கோர்ட்டு நண்பர் சிறிலை வஹகோட்டையிலிருந்து வரவழைத்தார். சாப்பாடு முடிந்ததும் றம்ஸியிடம் விதியைச் சொல்லி விசாரணையை ஆரம்பித்தார்.

"யாரு கொன்சல்?" என்றான் றம்ஸி.

"சிறில்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. புரியாணின்னுதான் கூப்பிட்டாரு," என்றார் சிறில்.

"வீட்டு அமைதியைக் கெடுத்திருக்கிறாய். பிணை நிக்க ஆள் ஈக்கா?" என்று முதலியார் கேட்டார்.

"நான் நிக்கிறேன்," என்று குசினியிலிருந்து மஸீஹாவின் குரல் வந்தது.

"சொந்தக்காரங்க நிக்க ஏலாது."

"அப்ப சொந்தக்காரங்க வழக்குப் போட மட்டும் ஏலுமா?"

முதலியார் அதைக் கேட்காதவர்போல் புத்தகத்தைச் சிறிலிடம் நீட்டினார். சிறில் வட்டலப்பக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, விதியை நிதானமாக வாசித்தார்.

"சொந்த ஊருக்குத்தான் அனுப்பணும்னு இருக்கு. தம்பி, நீங்க எங்க பொறந்தீங்க?"

றம்ஸி உள் அறையைக் காட்டினான். "அந்தக் கட்டில்ல."

சிறில் இன்னொரு தரம் வாசித்தார். "முதலியார், இது அந்நிய நாட்டுல இருக்கிறவனுக்கான சட்டமாச்சே. இந்த வீடு யாருடையது?"

முதலியார் ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க வாப்பா எனக்குத் தந்த வீடு," என்றபடி மஸீஹா ஹோலுக்கு வந்தார். "இவர் மாப்பிள்ளையா வந்தவர். அலுவிகாரையிலிருந்து."

"அப்ப இங்க அந்நிய நாட்டுல இருக்கிறது யாரு?" என்றார் சிறில்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். முதலியார் யோசித்தார். வாதத்தில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை.

"நான்தான்," என்றார்.

நான் இலேசில் யாரையும் பாராட்டுவதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவரைப் பாராட்டலாம்.

"பிணை?" என்றார் சிறில்.

"நீ நில்லு."

"நானா? கோர்ட்டுல எத்தனை வருஷம் உங்க பக்கத்துல உக்காந்திருந்தேன். நீங்க வாயை மூடிட்டு இருப்பீங்கன்னு நான் எப்படி உறுதி சொல்றது?"

"நான் நிக்கிறேன் மச்சான்," என்றான் றம்ஸி.

அவன் பிணையில் இருப்பதைவிட அலுவிகாரையே மேல் என்று முதலியாருக்குத் தோன்றியது. அங்கே, நானா என்று அவர் கூப்பிடும் அண்ணனின் வீடு இருந்தது, ஜன்னலும் இருக்கும். தலையணையையும் சட்டப் புத்தகத்தையும் அள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

"குடையையும் கொண்டு போங்க," என்றார் மஸீஹா. "அந்தப் பக்கம் மழை."

மாத்தளை பஸ் நிலையம்வரை போனார். அலுவிகாரை வழியாகப் போகும் தம்புள்ளை பஸ்ஸில் ஒரு காலை வைத்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. காலை எடுத்தார். கண்டக்டர் திட்டியதையும் பொருட்படுத்தாமல் வந்த வழியே திரும்பினார்.

வீட்டில் சிறில் இன்னும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அலுவிகாரையைப் பூட்டிட்டாங்களா?"

"கொன்சல்தான் என்னைக் கப்பலேத்தோணும். நானே போனா அது நாடுகடத்தல் இல்ல. வெறும் பயணம்," என்றார் முதலியார். "நீ உன்ட கடமையைச் செய்யல்ல."

"என் ஸ்கூட்டர்ல ரெண்டு பேர் போனா மலை ஏறாது முதலியார்."

முதலியார் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, சொந்தக்காரங்க நிக்க ஏலாது என்ற தன் சொல்லை விழுங்கிக்கொண்டு, றம்ஸியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "அந்தப் பிணை இன்னும் ஈக்கா?"

"ஈக்கு. ஆனா ஒரு நிபந்தனை மச்சான்."

"சொல்லு."

"கதிரையை ஹோலுக்கே கொண்டு வாங்க. மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம். தனியா ஓடுறது பெரிய அலுப்பு. குவைத்திலயும் பேச ஆளில்ல, இங்கயும் நீங்க குசினியில."

முதலியார் தலையணையைக் கீழே வைத்தார். கதிரையின் ஒரு பக்கத்தைத் தூக்க அவரே போனார்.

இப்போது ஜன்னலோரம் பாதி அவருக்கு, பாதி றம்ஸிக்கு. அஸருக்குப் பிறகு ஒருவர் வாசிக்கிறார், மற்றவன் ஓடுகிறான். ஒரு நாள் றம்ஸி மூச்சிரைக்க மெஷினின் கணக்கைப் பார்த்தான்.

"மச்சான், அலுவிகாரை தூரம் ஓடிட்டேன்."

முதலியார் பக்கத்தைப் புரட்டினார். "நானா சுகமா ஈக்காரா எண்டு பார்த்தியா?"