கிணற்று நீரில் ஒரு சொட்டு டிஞ்சர்

பொய்ச் சத்தியம் செய்தவன் நான். எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் வாசலில், ஊரே பார்க்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "என் மில் தண்ணீர் பக்கத்துக் காட்டுக் கிணற்றுக்குப் போகவில்லை" என்று சொன்னேன். போகிறது என்று எனக்குத் தெரியும். சந்தேகம் அல்ல; சோதித்துப் பார்த்தே தெரியும்.

எழுபதுகளின் நடுவில், ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் காட்டில் ஜவ்வரிசி மில் போட்டேன். சேலத்தில் வேதியியல் படித்துவிட்டு வந்திருந்தேன். அப்பா வாத்தியார் வேலைக்குப் போகச் சொன்னார். எனக்கோ, மண்ணுக்குள் கிடக்கிற குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, எப்படி முத்து முத்தாக உருண்டு கல்கத்தா வரை போகிறது என்பதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். கிழங்கைத் தோல் சீவி அரைத்து, வருகிற பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் மாவு தங்கும். மேலே நிற்கிற புளித்த தண்ணீரை எங்கேயாவது விட வேண்டும். மில்லுக்கு மேற்கே ஒரு பழைய கல்லுக்குழி இருந்தது. அதில் விட்டேன்.

முதல் இரண்டு வருடம் அடி மேல் அடி. ஒரு முறை வறுப்புப் பதம் தப்பியது. இன்னொரு முறை களத்தில் காய்ந்துகொண்டிருந்தது முழுக்க மழையில் கஞ்சியானது. மூன்றாம் வருடம் தொழில் கைவந்தது. வடக்கே விரத மாதங்கள் நெருங்கும்போது லாரி லாரியாகக் கேட்டார்கள். நான் மோட்டார் சைக்கிளில் போனால் டீக்கடையில் எழுந்து நின்றார்கள்.

மேற்கே அடுத்த காடு எனக்கு மாமன் முறையாகிற ஒருவருடையது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கிணற்றை நம்பி மஞ்சளும் சின்ன வெங்காயமும் போடுவார். மானாவாரியில் போடும் கிழங்கை எனக்கே கொடுப்பார். ஒரு நாள் காலையில் மில்லுக்கு வந்தார்.

"மாப்ள, எருமை தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க. மோந்து பாத்துட்டு என்னைய மொறைக்குது."

"கெணத்துல ஏதாச்சும் செத்துக் கெடக்கும் மாமா."

"எறங்கியே பாத்துட்டனுங்க. ஒரு தவளைகூட இல்ல. இருந்ததும் ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு."

சிரித்தோம். அவர் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. மாவு கலந்த தண்ணீரில் அயோடின் பட்டால் நீலமாகும். கல்லூரியில் முதல் வருடப் பாடம். கிழங்கு சீவும்போது கையை வெட்டிக்கொள்ளும் பெண்களுக்குப் போட மில்லில் டிஞ்சர் அயோடின் எப்போதும் இருக்கும். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு சொட்டு விட்டேன். இழை இழையாக இறங்கிய பழுப்பு, அடிக்குப் போவதற்குள் நீலமாகிவிட்டது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. என்ன கண்டுபிடித்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. கல்லுக்குழிக்கு அடியில் ஏதோ பாறை வெடிப்பு அவர் கிணறுவரை ஓடியிருக்க வேண்டும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

வேறு இடத்தில் குழி வெட்டுவதென்றால் மில்லை நிறுத்த வேண்டும். நல்ல சீசன். அதனால் பேசாமல் இருந்தேன். அவர் வெங்காயம் நுனி கருகியது. கிணற்றில் நாற்றம் ஏறியது. ஊரில் பேச்சு வளர்ந்து, கடைசியில் அவரே கேட்டார்: "கோயில்ல வந்து ஒரு வார்த்தை சொல்லீருங்க மாப்ள. அதுக்கப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் சாட்சியில்லாத வழக்குக்குக் கற்பூரம்தான் முடிவு. அணைத்துச் சொல்லிவிட்டால் பேச்சு தீர்ந்தது. அதற்கு மேலும் சந்தேகப்படுவது அம்மனையே சந்தேகப்படுவது. இன்னொன்றும் உண்டு. குற்றமில்லாதவனைச் சத்தியத்துக்கு இழுத்தால் அந்தப் பாவம் இழுத்தவனையே சேரும்.

எனக்குக் கற்பூரம் ஒரு வேதிப்பொருள். சூடுபட்டால் உருகாமல் ஆவியாகும், அவ்வளவுதான். அன்று கையை வைக்கும்போதுகூட, எவ்வளவு சுடும் என்றுதான் கவனித்தேன். ஒரு கணம் சுட்டது. கையில் கரி ஒட்டியது. மாமா எல்லோர் முன்னாலும் என்னைக் கும்பிட்டார். "தப்பா நெனைச்சுப்போட்டேன் மாப்ள, மன்னிச்சுக்கங்க."

அதன் பிறகு அவர் வேறு காரணம் தேடினார். ஊற்று கெட்டுவிட்டது, ஆழப்படுத்தினால் புது ஊற்று கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். உழவு காளைகளை விற்று, பாறையில் வெடி வைத்து ஆழப்படுத்தினார். வெடிச்சத்தம் என் மில் வரை அதிர்ந்தது. தண்ணீர் நிறையவே வந்தது. அதுவும் என் தண்ணீர்தான்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு இருமல் வந்தது. மாலையானால் காய்ச்சல். ஒரு நாள் துண்டில் சிவப்பாக ஏதோ பட்டது. வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். நான் வெற்றிலை போடுவதில்லை. துண்டை வெயிலில் விரித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி பார்த்துவிட்டாள்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். "எனக்கும் காட்டுங்க" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வெளிச்சத்தில் பிடித்தார். வலது நுரையீரலின் மேல்பக்கம், வறுக்காத ஜவ்வரிசியைக் கொட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். காசநோய். ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையும் என்றார். ஆறு மாதம் படுக்கை.

மச்சினன் மில்லைப் பார்த்துக்கொண்டான். மாவுக்கு வெள்ளை நிறம் வர வேண்டுமென்று வெளுப்பு மருந்தை அதிகமாகப் போட்டான். அனுப்பிய சரக்கு திரும்பி வந்தது. உறவுக்காரர்கள் வாசலில் நின்றே நலம் விசாரித்தார்கள். கிழங்கு சீவும் பெண்களின் பேச்சு ஜன்னல் வழியே காதில் விழும்.

"கற்பூரம் நெஞ்சைப் புடிச்சுருச்சு, பாத்தியா?"

"மெல்லப் பேசு புள்ள. காது நல்லாத்தான் இருக்குது அவருக்கு."

வீட்டுக்குள் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாமா ஒருவர்தான். தினமும் காலையில் வெள்ளாட்டுப் பால் கொண்டுவருவார். டீக்கடையில் என்னைப் பற்றிப் பேசியவனிடம் சண்டைக்கே போயிருக்கிறார் என்று மனைவி சொன்னாள். இவர் ஏன் வருகிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. நோய் தொற்றும் என்று தெரியாதவர் இல்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வர்ற நோம்பிக்குப் பூவோடு எடுக்கறதா வேண்டியிருக்கறேன் மாப்ள" என்றார். மாரியம்மன் திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்போம்; தீச்சட்டி ஏந்துவதைப் பூவோடு என்போம்.

"எதுக்குங்க மாமா?"

"உங்களுக்குத்தான். தப்பே பண்ணாத மனுசனச் சத்தியத்துக்கு இழுத்தவன் நானுங்க. எம்மேல எறங்க வேண்டியது, ஆத்தா வாசல் மாறி உங்க ஊட்டுக்கு வந்துட்டா. நேர்ல போயிச் சொல்லிட்டு வாரேன்."

அன்று பாலைக் குடித்தேன். அடுத்த நாளும் குடித்தேன். இந்தப் பொய்யை அவர் கையில் நெருப்பாக ஏந்தப்போகிறார் என்பதை விட்டு என் நினைப்பு நகரவில்லை. நோம்பிக்குக் காப்புக் கட்டிய அன்று, மஞ்சள் கயிறு கட்டிய கையோடு பால் கொண்டுவந்தவரிடம் சொன்னேன்.

"மாமா, உங்க கெணத்துல இருக்கறது என் தண்ணிதானுங்க. கற்பூரம் அணைக்கறப்பவே எனக்குத் தெரியும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

டிஞ்சர் பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். நீலத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் வெடி வெச்சது?"

"என் குழிக்கு இன்னும் நல்லா வழி உட்டுருச்சுங்க."

"காளைய வித்தேன்."

"தெரியுங்க."

பால் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று பால் ஊற்றவில்லை.

நோம்பியன்று அவர் பூவோடு எடுத்து எங்கள் வீதியில் வந்தார். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். சட்டியிலிருந்து பொறி பறந்தது. "அதான் சொல்லிட்டனே மாமா, அப்பறமும் எதுக்குங்க?" என்றேன்.

"ஆத்தாளுக்குச் சொன்னது. உங்களுக்குச் சொன்னது இல்லீங்க, மில்லுக்காரரே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டதில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் அதே கோவில் வாசலில் உண்மையைச் சொன்னேன். சிலர் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதென்று பரிதாபப்பட்டார்கள். அந்த சீசன் முழுக்க மில்லை நிறுத்தி, கல்லுக்குழியை மூடினேன். கிழக்கு ஓரத்தில் களிமண் தரையாகப் பார்த்துத் தொட்டி கட்டி, உள்ளே சிமெண்ட் பூசினேன். என் என்ஜினை வைத்து அவர் கிணற்றை இறைத்துச் சேற்றை வாரினேன். அதற்கு அவர் தடை சொல்லவில்லை. பவானிப் பக்கம் போய் ஒரு ஜோடி காளை பிடித்துவந்து அவர் கட்டுத்தறியில் கட்டினேன். மறுநாள் காலையில் இரண்டும் என் மில் வாசலில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. வைக்கோல் அவர் போட்டது.

நோய் போய்விட்டது. மில் பழைய நிலைக்கு வரவேயில்லை. விட்டுப்போன வியாபாரிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எண்பதுகளின் நடுவில் பாதி இயந்திரங்களை விற்றுவிட்டுச் சிறிதாக ஓட்டினேன்.

கிணற்றை இறைத்து இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு ஒரு நாள் மாமா மில்லுக்கு வந்தார். கையில் ஒரு சொம்பு.

"எருமை குடிக்குது. இருந்தாலும் அந்த மருந்த ஊத்திப் பாருங்க."

கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் சொட்டு விட்டேன். இருவரும் குனிந்து பார்த்தோம். பழுப்பு இழை இறங்கி, கலைந்து, வெளிறிய மஞ்சளாகவே நின்றது.

"நல்லாயிருச்சுங்க மாமா."

"அப்படீங்களா? கற்பூரம் அணைச்சுச் சொல்லுவீங்களா?" சிரிக்காமல்தான் கேட்டார்.

டிஞ்சர் பாட்டிலை மூடி அவரிடம் நீட்டினேன். "கற்பூரமெல்லாம் வேண்டாங்க மாமா. இத நீங்களே வெச்சுக்கங்க. எப்பத் தோணுதோ அப்ப ஒரு சொட்டு உட்டுப் பாத்துக்கங்க."

பாட்டிலை வெயிலில் உயர்த்தி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். பிறகு மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். அவர் மோட்டார் ரூம் மாடத்தில் விளக்குப் பக்கத்தில் அது இருந்ததாகச் சொன்னார்கள். தீர்ந்துபோனால் ஆள் அனுப்பிப் புதிது வாங்கிக்கொள்வார். அவர் இருந்தவரை என்னிடம் கேட்டு அனுப்பியது அது ஒன்றுதான்.