படகில் ஏறாத காவல்காரி

“மூளை கலங்கி ஓடிட்டா” என்று மூன்றாம் மாடி வில்மா சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எதெல்காவுக்கு மூளை தெளிந்ததே அன்றைக்குத்தான். குழாய் ரிப்பேர்காரன் நிலவறைச் சாவி கிடைக்காமல் திரும்பிப் போனானாம். போகட்டுமே! நாற்பது வருடம் அந்தச் சாவிக்கொத்தோடு படி ஏறி இறங்கினவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்திருப்பாளா இந்த வில்மா?

புடாபெஸ்ட்டின் எட்டாம் வட்டாரத்தில், அந்த நாலு மாடிக் கட்டட வாசல் காவலரின் மகள் எதெல்கா. முற்றத்துப் பிள்ளைகள் ஆறு பேர். அவர்களில் டெஷோவிடம் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஓட்டைப் படகு ஒன்றைச் சரிசெய்து டான்யூப் ஆற்றில் விடுகிற கதை. புத்தகத்தை யாரிடமும் தரமாட்டான். அவன் வாசிப்பான், மற்றவர்கள் கேட்டுவிட்டு அதையே விளையாடுவார்கள். முற்றத்தில் கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தூசி தட்டும் கம்பிதான் படகு. எல்லாரும் அதில் தொற்றி ஏற, எதெல்கா மட்டும் வாசலில் நிற்பாள். கதையில் வரும் காவல்காரி ஷாரி அவள்தான்.

“கடைசிவரைக்கும் இடத்தை விட்டு அசையாதவ ஷாரி ஒருத்திதான்” என்று டெஷோ கதையை முடித்தான். அவள் அதை அப்படியே நெஞ்சில் ஏற்றிக்கொண்டாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அப்பா இறந்ததும் சாவிக்கொத்து அவள் கைக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான அரங்கா, அதே டான்யூப் கரையில் உள்ள பாயா நகரத்திலிருந்து கோடைக்குக் கோடை போன் செய்வாள்.

“வாடி, மீன் சூப்புக் கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. ஜன்னலத் திறந்தா ஆறு.”

“கேட்டை யாருடி பாத்துப்பா?”

போனை வைத்த பிறகு உட்கார முடியாது. பெருக்கிய படியையே மறுபடி பெருக்குவாள். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். எண் அழுத்தினால் கதவு திறக்கிற பொத்தான் வைத்த பிறகும் பொழுதுக்கு நாலு தரம் பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

இந்த வசந்தத்தில், வேண்டாத சாமான்களைத் தெருவில் போடுகிற நாள் வந்தது. செத்துப்போன அம்மாவின் வீட்டைக் காலி செய்ய டெஷோ வந்திருந்தான். வாசலில் கிடந்த கால் உடைந்த நாற்காலி மேல் அந்தப் புத்தகம்! நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். ஷாரி சாவியை வீசிவிட்டு ஓடிவருகிறாள். படகு அவளுக்காகத்தான் காத்திருக்கிறது.

படியில் விளக்குக் கூண்டோடு இறங்கிவந்த டெஷோவை மறித்தாள்.

“டேய், இதை ஏன்டா எங்களுக்கு வாசிக்கல?”

அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “நீயும் படகுல ஏறிட்டா, எங்களை விரட்ட உங்கப்பா வர்றாரான்னு யாரு பாத்துச் சொல்றது? விளையாட்டுதானே எதெல்கா! இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?”

“ஞாபகமா? இன்னும் நின்னுக்கிட்டு இருக்கேன்டா!”

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி அவன் பிடித்திருந்த விளக்குக் கூண்டுக்குள் போட்டாள். உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“எதெல்கா! படி லைட் எரியல!” மேலிருந்து வில்மாவின் குரல்.

“டெஷோவைக் கேளு!”

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.