திரைக்குப் பின்னால் நான் இருக்கவில்லை

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் அப்பார்ட்மெண்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருந்த பொழுதுகள்தான் குறைவு. என் கணவர் டவுன்டவுனில் ஓர் உணவகக் குசினியில் இரவு வேலை செய்தார். கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு நான் காலையில் புறப்படும்போது, அவர் போர்வையை முகம்வரை இழுத்து மூடிப் படுத்திருப்பார். நான் திரும்பி வரும்போது அவர் மெட்ரோவில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பார். கறிச்சட்டியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்திலும் தொலைபேசியிலும் பிரெஞ்சு. எங்களுடன் மட்டும் சுருக்கமான தமிழ்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு வருடம், அந்த உணவகத்தை உடைத்துத் திருத்தப்போவதாகவும் கோடை முழுவதும் மூடிவைக்கப்போவதாகவும் சொன்னார்கள். அதே குசினியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய மோட்டர் ஹோமை விற்க நின்றார். கணவர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“ஜூலை முதலாந் திகதியோட வீட்டை விடுவம். கோடை முழுக்க அதுக்குள்ளயே இருந்து ஊரெல்லாம் பாப்பம். பேந்து வந்து வேற வீடு எடுக்கலாம். மூண்டு பேரும் ஒண்டா இருந்து எவ்வளவு காலமப்பா?”

கடைசிக் கேள்விக்காகத்தான் நான் ஓம் என்றேன்.

மொன்றியலில் பாதிப் பேர் வீடு மாறும் அந்த நாளில், வெளிப்படிகளில் மெத்தைகளும் கட்டில்களும் இறங்கிக்கொண்டிருந்த தெருவில் நாங்களும் எங்கள் சாமான்களை இறக்கினோம். தளபாடங்களைத் தெரிந்தவர்களின் பேஸ்மெண்டில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினோம். உள்ளே ஒரு சின்ன அடுப்பு, கைகழுவும் தொட்டி, இரவில் மகளுக்குக் கட்டிலாக விரிகிற மேசை. ஆகப் பின்னால் எங்கள் படுக்கை. அதை மறைத்து ஒரு மண்ணிறத் திரை.

ஆற்றோரமாகக் கிழக்கே போனோம். முதல் சில நாட்கள் புதினமாக இருந்தது. சோறு வடிக்கும்போது ஜன்னலில் ஆறு தெரிந்தது. தண்ணீர்க் குழாயைப் பூட்டுவதும் கழிவுக் குழாயைக் கழற்றுவதும் கணவருக்குப் பிடித்த வேலைகளாகிவிட்டன.

பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வருடக்கணக்காக இரவில் விழித்திருந்த அவருடைய உடம்பு கோடைக்காக மாறவில்லை. காலையில் கொஞ்சத் தூரம் ஓட்டுவார். இப்படியான வண்டிகள் இரவில் தங்கும் முகாமில் நிறுத்தியதும் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுவார். மகள் நீச்சல்குளத்தைத் தேடிப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு உடனே சிநேகிதிகள் கிடைத்தார்கள். ஒருமுறை துவாய் கொடுக்கப் போனேன். ஓடிவந்து வாங்கிக்கொண்டு, “அம்மா, நீங்கள் போங்கோ, நான் வருவன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அவசரமாகச் சொன்னாள்.

நான் வண்டியின் பக்கத்தில் மடிப்புக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அயல் வண்டிகளில் இருந்த வயதான சோடிகள் போன்ஷூர் சொல்வார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். மொன்றியல் என்பேன். அதற்கு முன்பு என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொன்ன பிறகு ஒன்றும் மிச்சமிருக்காது. அப்பார்ட்மெண்டில் தனியே இருந்தபோது, அவர் வேலையில் இருக்கிறார், அதனால்தான் என்று ஒரு காரணம் இருந்தது. இங்கே ஓர் எட்டுத் தூரத்தில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. காரணம் எதுவும் கைவசம் இல்லை.

காஸ்பேக் கடற்கரைப் பக்கம் போனபோது ஒரு காலை எனக்குத் தலையிடி. ஓடும் வண்டியில் பின்னால் திரையை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு சின்ன ஊரில், பெற்றோல் பம்பும் வைத்திருந்த ஒரு டெப்பனர் கடைக்கு முன்னால், காஸ் அடிக்க நிறுத்தினார். தேத்தண்ணிக்குப் பால் இல்லை என்று ஞாபகம் வந்தது. சில்லறையை எடுத்துக்கொண்டு, திரையைப் பழையபடி இழுத்துவிட்டு இறங்கினேன். அவர் வண்டியின் மறுபக்கத்தில் காஸ் அடித்துக்கொண்டிருந்தார். “பால் வாங்கியாறன்” என்று மகளிடம் சொன்னேன். அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினாள். பாட்டுக்குத்தான் ஆட்டியிருக்க வேண்டும்.

கடையில் கழிப்பறைக்கும் போய்விட்டுப் பாலோடு வெளியே வந்தேன். வண்டி இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. தெருவைத் தாண்டிக் கடல்பக்கம் திருப்பி நிறுத்தியிருப்பார் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். பாறையும் அலையும்தான் இருந்தன. இப்போது திரும்பி வந்துவிடுவார்கள் என்று தெரு விளிம்பிலேயே நின்றேன். லாரிகள் போயின. கைத்தொலைபேசி அவரிடம்தான் இருந்தது.

கடைக்காரப் பெண் வெளியே வந்து வேகமான பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. கார்டெரியில் பின்னேரம் பெற்றோரிடம் நான் சொல்கிற சொல்: பிள்ளை தொப்பியை மறந்துவிட்டார், கையுறையை மறந்துவிட்டார். அதையே சொன்னேன். என்னை மறந்துவிட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கடையின் தொலைபேசியைக் கொண்டுவந்தாள். கணவருடைய இலக்கத்தை அடித்துப் பார்த்தோம். இந்தக் கரையில் கைத்தொலைபேசி வேலை செய்யாது என்று சைகையில் காட்டினாள். ஒரு கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். பாலைக் குளிர்பெட்டியில் வைக்கவா என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஏனென்று தெரியாது, மடியிலேயே வைத்திருந்தேன்.

அங்கே இருந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. எப்படியும் வருவார்கள். ஆனால் நேரம் போகப் போக, இன்னும் அவர்களுக்குத் தெரியவில்லையே என்பது வந்து மனதில் உட்கார்ந்தது. விட்டுப்போனதைப் பரவாயில்லை என்று சொல்லலாம். இவ்வளவு தூரம் போகும்வரை இரண்டு பேரில் ஒருவருக்கும் என்னைக் கூப்பிட ஒரு தேவை வரவில்லை. பால் மடியிலேயே சூடாகிவிட்டது.

ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே ஆகியிருக்கும், வண்டி வந்தது. கணவர் எஞ்சினை நிறுத்தாமலே குதித்து இறங்கினார்.

“இறங்கேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

அதுதான் முதல் வார்த்தை. முகம் வெளிறிப்போயிருந்தது. மகள் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “நீங்கள் படுத்திருக்கிறீங்கள் எண்டு நினைச்சன் அம்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைக்காரப் பெண் கணவரைப் பார்த்த பார்வைக்கு அவர் மெர்சி, மெர்சி என்று தலையைக் குனிந்தார்.

அன்று பின்னேரம் முகாமில் நானும் மகளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவள் சொன்னாள்.

“அப்பா தேத்தண்ணி கேட்டவர். நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல. திருப்பியும் கேட்டவர். அப்பத்தான் நான் போய்த் திரையைத் திறந்தனான்.”

“அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லையோ?”

“அப்பா கதைச்சவரே. உங்களோட.”

“என்னோடயோ? என்ன கதைச்சவர்?”

“தெரியாது. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான். வாய் அசைஞ்சது தெரிஞ்சது. கனநேரம் கதைச்சவர். ஒருக்காக் கண்ணைத் துடைச்சவர்.”

என் கையில் இருந்த கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். எத்தனையோ வருடங்களாக அவர் என்னிடம் கனநேரம் எதையும் கதைத்ததில்லை. முகம் பார்க்காமல், திரைக்கு முன்பக்கம் இருந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னால்தான் அவருக்குச் சொல்ல வந்திருக்கிறது. அன்று பார்த்து நான் ஒரு டெப்பனர் வாசலில் இருந்திருக்கிறேன்.

வெளியே போனேன். அவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“காலமை என்னோட என்னவோ கதைச்சனீங்களாம்.”

“ஆர் சொன்னது?”

“பிள்ளை.”

“சும்மா. ரோட்டைப் பற்றி ஏதோ.”

“சொல்லுங்கோவன்.”

அவர் குழாயை அவிழ்த்துத் திரும்பவும் சுருட்டினார். நன்றாகத்தான் சுருட்டியிருந்தார். “ஒருக்காச் சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஏலாதப்பா” என்றார்.

அடுத்த நாள் நான் வேண்டுமென்றே பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன். தலையிடி இல்லை. திரையை மூடிவிட்டுக் காதைக் கொடுத்திருந்தேன். புறப்பட முன்பு, “எல்லாரும் ஏறீட்டியளோ?” என்று உரக்கக் கேட்டார். ஓம் என்றேன். பிறகு வழி முழுவதும் எஞ்சின் சத்தம்தான். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே படுத்துப் பார்த்தேன். காற்று பலமாக இருக்கிறது என்றார். முன்னால் போகிற லாரி வழிவிடுகுதில்லை என்றார்.

ஆகஸ்ட் முடிவதற்குள் மொன்றியலுக்குத் திரும்பி, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு மூன்றாம் மாடி வீடு எடுத்தோம். மகள் புதிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். உணவகம் திறந்தது. அவர் பழையபடி இரவு வேலைக்கு, நான் பழையபடி கார்டெரிக்கு.

இலைகள் நிறம் மாறும் காலத்தில் வண்டியை வாங்க ஆள் வந்தது. ஒப்படைக்கும் நாள் காலையில் அவர் அதைத் தானே கழுவித் துடைத்தார். வேலை முடிந்த பிறகும் மேலே வரவில்லை. பல்கனியில் இருந்து எட்டிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே, கட்டிலாக விரிகிற அந்த மேசையருகில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்காருவோம் என்று தோன்றியது. அடுப்பைக் குறைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். இரண்டாம் மாடிப் படியில் அவர் எதிரே ஏறி வந்தார்.

“எங்கயப்பா போறீர்?” என்றார்.

“உங்களட்டத்தான்.”

“நான் வந்திட்டன்தானே” என்றார். இருவரும் மேலே போனோம்.