காகிதக் கடையில் கிடைக்காத நாவல்

எழுபதுகளின் நடுவில் மூணாறுக்கு அருகே பள்ளிவாசல் என்ற ஊரில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். ஞாயிறுதோறும் மூணாறு பஜாரில் ஒரு டீக்கடை மாடியில் வாத்தியார்களும் பாங்குக்காரர்களுமாக ஐந்தாறு பேர் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். எல்லோரும் அதே பத்து எழுத்தாளர்களின் பெயர்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தோம்.

பதினோராவது பெயரை எனக்குச் சொன்னவர், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்த ஒரு அக்கா. கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுப் போவார்கள். பால்பவுடர் வந்ததா என்று கேட்க ஒருநாள் அங்கே போனேன். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே படித்துக்கொண்டிருந்தார். அட்டை போய், கறுப்புத் துணி வைத்துத் தைத்த புத்தகம்.

"என்னக்கா, வேதப் புத்தகமா?"

"இல்ல சார், கதப் பொஸ்தகம். இவரு எழுதுனது படிச்சிருக்கீகளா?"

நான் கேள்விப்பட்டதே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியாராம். சொந்தச் செலவில் அச்சடித்தாராம், யாரும் வாங்கவில்லையாம். அக்காவின் அப்பா அவரிடம் படித்தவர்.

புத்தகத்தை இரவல் வாங்கி இரண்டே நாளில் படித்து முடித்தேன். அந்த மழைக்காலம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் காப்பகத்துக்குப் போய் அக்காவோடு அதைப் பற்றியே பேசினேன். நாவலில் ஒரு தாய், ஊரைவிட்டுப் புறப்படும் மகனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டே இருப்பாள். என்ன கல்நெஞ்சம் என்றேன்.

"கோவமெல்லாம் இல்ல சார். அந்தச் சட்ட காயிற வரைக்கும் அவன் போக முடியாதுல்ல?"

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். சென்னையில் ஒரு சிறுபத்திரிகை வெளியிட்டது. பழைய காகிதக் கடையில் தற்செயலாகக் கண்டெடுத்தேன் என்று எழுதியிருந்தேன். ஆயா சொல்லித் தெரிந்தது என்று எழுதக் கூச்சமாக இருந்தது. டீக்கடை மாடியில் எல்லோரும் பாராட்டியது அந்தச் சட்டையைப் பற்றிய வரியைத்தான்.

அந்தப் பாராட்டு போதாமல் பத்திரிகையை அக்காவிடமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்து மடித்து என்னிடமே நீட்டினார்.

"காயிதக் கடையிலயா கெடந்துச்சு?"

"அது... சும்மா ஒரு சுவாரசியத்துக்கு எழுதினதுக்கா."

"அந்தச் சட்ட விசயமும் கடையிலதான் கெடந்துச்சோ?"

அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. பிரதி அனுப்பினால் மறுபதிப்புப் போடத் தயார் என்றார்கள். கடிதத்தோடு ஓடினேன்.

"பொஸ்தகம் இல்ல சார். மழையில நனஞ்சு போச்சு."

அலமாரியில் பால்பவுடர் டின்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உண்மையைச் சொல்லி அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பிரதி கிடைக்கவில்லை என்று பதிப்பகத்துக்கு எழுதினேன். அடுத்த வருடம் அக்கா வேலையை விட்டு, மகளோடு கம்பம் பக்கம் போய்விட்டார். நாவல் அச்சேறவில்லை. டீக்கடை மாடிக்குப் புதிதாக யார் வந்தாலும் நண்பர்கள் என்னைக் காட்டி, "அந்த எழுத்தாளரைக் கண்டுபிடிச்சதே இவர்தான்" என்பார்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.