ராஜபாளையத்தில் பார்த்த கார், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய கார்

1994 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. டிரைவர் கியர் மாற்றத் தாமதித்தால் என் இடது கை தானாக அசைந்தது. பக்கத்தில் இருந்த பெண், "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். கார் வாங்கப் போகிறேன் என்றேன். "ஆம்பளைக யாரும் கூட வரலையா?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

நான் மயக்க மருந்து டாக்டர். சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. சங்கரன்கோவிலில் ஒரு பிரசவம், சிவகாசியில் ஒரு குடல்வால், ராஜபாளையத்தில் ஒரு எலும்பு முறிவு என்று கூப்பிட்ட இடத்துக்கு ஓட வேண்டும். நான் போய்ச் சேரும்வரை சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு நிற்பார். எங்கள் பழைய பத்மினி காரை விற்றதிலிருந்து பஸ்ஸும் வாடகைக் காரும்தான். என் கணவர் செல்வினுக்கு வங்கியில் வேலை. "தொந்தரவு இல்லாத சின்ன வண்டியாப் பாரு. வெள்ளைக் கலரு போதும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எனக்கு வேகப் பைத்தியம் என்று வீட்டில் பேச்சு. அது சரியில்லை. நேர் ரோட்டில் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். எனக்கு வேண்டியது வளைவு. வண்டி வளைவுக்குள் நுழைகிற நேரத்தில் ஸ்டியரிங்கும் என் கையும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அப்படி ஒரு கார் புதிதாக வாங்க எங்களுக்கு வசதியில்லை. பழையதில் தேடினால் கிடைக்கும் என்ற எண்ணம் மாசக்கணக்கில் தூங்கவிடவில்லை.

சங்கரன்கோவில் தாண்டியதும் இடது பக்கம் மலை வந்துவிட்டது. அதன் பிறகு ராஜபாளையம் வரை அது கூடவே வந்தது.

பஸ் நிலையத்தில் புரோக்கர் பிச்சை காத்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, வாயில் வெற்றிலை.

"வாங்க டாக்டரம்மா. ரெண்டு வண்டி இருக்கு. மொதல்ல பெருசப் பாத்துருவோம். அதப் பாத்தபொறவு சின்னது பக்கம் திரும்பக்கூட மாட்டிய."

ஆட்டோவில் போனோம். பெரியது ஒரு கான்டெஸா. கறுப்பு. அதன் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் முதலாளி. நான் வேலை செய்யும் ஆபரேஷன் தியேட்டர்களில் அவர் துணி இல்லாத நாளில்லை. வேலையாளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், சாவி வந்தது. போர்ட்டிகோவில் அந்தக் கார் நின்ற நிற்பே தனி. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, மினுமினுக்கிற கறுப்பு. செல்வின் சொன்ன வெள்ளைக் கார் மறந்தே போயிற்று.

பழைய வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஆறிக் கிடக்கிற இஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் குறை தெரியும். சூடாக இருந்தது.

"காலைல ஓட்டினீங்களா?"

"பேட்டரி சார்ஜ் ஏறட்டும்னு செத்த நேரம் ஓடவிட்டேன்" என்றார் முதலாளி.

ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். தென்காசி ரோட்டில் சேத்தூரைத் தாண்டி, தளவாய்புரம் விலக்குவரை போனோம். நேர் ரோட்டில் அது ராஜாதான். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியை மூன்றாவது கியரில் தாண்டியபோது முதுகு சீட்டில் அழுந்தியது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். ஆனால் கண்மாய்க்கரை வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி யோசித்துவிட்டுத் திரும்பியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பின்சீட்டில் பிச்சை மறு கதவுக்கு நகர்ந்து போனார்.

"பெரிய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் அவர்.

திரும்பி வந்து, இஞ்சின் ஆறட்டும் என்று காபி கேட்டேன். முதலாளிக்குப் புரிந்துவிட்டது. அரைமணி நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு ஸ்டார்ட் செய்தேன். பின்னால் ஆயில் எரிந்த நீலப்புகை கிளம்பிச் செடிகள்மேல் படர்ந்தது.

அவர் சிரித்தார். "ரிங் போடணும். அதுக்குத்தான விலைய இறக்கிச் சொல்லியிருக்கேன். டாக்டருக்கு அந்தஸ்தா ஒரு வண்டி வேணும்ல?"

உண்மையைச் சொன்னால், அப்போதும் எனக்கு அதன்மேல் ஆசை போகவில்லை. பத்து நாள் இஞ்சினைப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். பிச்சைக்கு வருத்தம். "சின்னது இதுக்குக் கால்தூசி பெறாதும்மா" என்று ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர். கோபுரம் தெரிய ஆரம்பித்தபோதே வெயில் ஏறிவிட்டது. மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு தெருவில் இறங்கினோம். வாசலில் வேப்பமரத்தடியில் வெளிர்நீல நிறத்தில் ஒரு 118 என்.இ. கார் நின்றது. இத்தாலிக்காரர்கள் வரைந்த உடம்பு, ஜப்பான்காரர்களின் இஞ்சின், பம்பாயில் பூட்டியது. எட்டு வருஷப் பழசு. இடது கதவில் ஒரு ஒடுக்கு. கூரையெல்லாம் வேப்பஞ்சருகு. பின்சீட்டில் நைட்டிக் கட்டுகள்.

பானெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

வீட்டுக்காரர் அருள்மணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளைச் செங்கோட்டை மலைப்பாதை வழியாகக் கொண்டுபோய்ப் புனலூர், கொல்லம் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். "யாவாரம் கூடிப்போச்சு டாக்டரம்மா. இதுல அம்புட்டுச் சரக்கும் ஏத்த முடியல. வேன் எடுக்கப் போறேன். இடுப்பு வலி, நான் கூட வர ஏலாது. என் வீட்டுக்காரி வருவா."

அவர் மனைவி வசந்தா நைட்டிக் கட்டுகளை இறக்கித் திண்டுபோல அடுக்கிவிட்டு, முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், நல்ல உயரம். பிச்சை பின்னால் ஏறினார்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஒரு கனைப்பில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. மூச்சு சீராக இருந்தது. மயக்கத்தில் கிடப்பவர்களின் மூச்சைக் கேட்டே பிழைக்கிறவள் நான். அந்தச் சத்தத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. கிருஷ்ணன்கோவிலில் இடப்பக்கம் வத்திராயிருப்பு ரோட்டில் திருப்பினேன். திருப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்தேன், வண்டி திரும்பியிருந்தது.

அதுவரை பேசாமலிருந்த வசந்தா, "மூணுலயே விடுங்க" என்றாள். "இந்த ஏத்தத்துல நாலு போட்டா அழுவும்."

மூன்றிலேயே விட்டேன். அடுத்த வளைவு வருமுன் மறுபடி சொன்னாள். "உள்பக்கம் மண்ணு கெடக்கும். ஒட்டாமப் போங்க."

மண் கிடந்தது. "நீங்க ஓட்டுவீங்களா?" என்றேன்.

"நாலு வருஷமா நாந்தான் ஓட்டுதேன். அவியளுக்குக் கை ஒடிஞ்சு கட்டுப்போட்டிருந்தப்பப் பழகினேன். கை கூடிருச்சு. நான் ஸ்டியரிங்க விடல." முதல்முறையாகச் சிரித்தாள். "கொல்லம் வரைக்கும் போயிட்டு வருவோம். அவிய பக்கத்துல உக்காந்து கணக்குப் போடுவாவ. மலையிலே எனக்குப் பேச்சே இருக்காது."

"இப்ப வேன் வந்தா?"

"டிரைவர் போடுதாவ. நான் எதுக்கு?" ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

வத்திராயிருப்பு, கூமாப்பட்டி தாண்டினோம். இருபக்கமும் தென்னை, நடுவில் வெட்டிவெட்டிப் போகிற ரோடு. மலை முகத்துக்கு நேரே எழும்பியது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போயிற்று. அடுத்தது, அடுத்தது என்று மனம் பறந்தது. பிளவக்கல் அணை வந்தபோது ரோடு முடிந்துவிட்டதே என்று கோபம்தான் வந்தது.

அணைக்கட்டில் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. "திரும்பும்போது நீங்க ஓட்டுங்க" என்று சாவியை வசந்தாவிடம் கொடுத்தேன். அவள் செருப்பைக் கழற்றிக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

அப்படி ஒருவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. பிரேக் போட்டது எனக்குத் தெரியவே இல்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைந்திருந்தது. எதிரே கரும்பு மாட்டுவண்டி வந்தபோது ஒரு சாண் இடத்தில் வழுக்கிக்கொண்டு போனாள். பிச்சை, "தாயி, புள்ளகுட்டிக்காரன் நான்" என்றார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

இவளிடமிருந்தா இதை வாங்கிக்கொண்டு போவது? வத்திராயிருப்பில் டீ குடிக்க நிறுத்தியபோது, பிச்சை வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இந்த வண்டி வேணாம். விக்க உங்களுக்கு மனசில்ல. நான் வேணும்னா உங்க வீட்டுக்காரர்ட்டப் பேசுறேன்."

வசந்தாவின் முகம் மாறிவிட்டது.

"எங்க வீட்டுப் பேச்ச நீங்க எதுக்குப் பேசணும்? வண்டி பாக்க வந்திய. பிடிச்சிருக்கா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. டீயைக் குடித்து முடித்துவிட்டு அவளே தணிந்த குரலில் பேசினாள்.

"நீங்க போயிட்டா நாளைக்கு மதுரையிலேருந்து ஒருத்தன் வருதான். இந்த இஞ்சினக் கழட்டி எறிஞ்சிட்டு டீசல் இஞ்சின் மாட்டி டாக்ஸி விடுவானாம். அவியகிட்டச் சொல்லும்போது கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க வளைவுல ஒழுங்கா ஓட்டினிய. எனக்காக வேண்டாம்னு சொல்லாதிய. வண்டிக்காக வேணும்னு சொல்லுங்க."

"வேணும்" என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவளேதான் ஓட்டி வந்தாள். அருள்மணி ஒன்றரை லட்சம் சொல்லி, ஒன்றேகால் லட்சத்துக்கு இறங்கினார். செக் எழுதினேன். பேப்பர்களைப் பிச்சை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கறுப்புக் கார் கைவிட்டுப் போன துக்கம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

நான் கிளம்ப உட்கார்ந்தபோது கிளட்ச் எட்டவில்லை. வசந்தா ஓட்டியதில் சீட் பின்னால் போயிருந்தது. அவள் கதவைத் திறந்து, குனிந்து நெம்புகோலைத் தூக்கி, என்னையும் சேர்த்துச் சீட்டை முன்னால் தள்ளினாள்.

"இப்ப எட்டுதா அக்கா?"

எட்டியது. அவள் நிமிர்ந்து, கார்க் கதவில் கை வைத்தபடியே, வாசலில் நின்ற கணவரைப் பார்த்துக் கேட்டாள். "வேனுக்கு டிரைவர் எதுக்கு?"

அருள்மணிக்கு முதலில் புரியவில்லை. "எதுக்குன்னா? யாரு ஓட்டுவா?"

"நான் ஓட்டுதேன்."

"வேனையா? மலையிலயா? ஏட்டி, நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"கார ஓட்டும்போது அந்த நாலு பேரும் எங்க போயிருந்தான்?"

பிச்சை சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அருள்மணி என்னைப் பார்த்தார். எனக்கு அங்கே பேச்சில்லை என்பதை வத்திராயிருப்பு டீக்கடையில்தான் கற்றிருந்தேன். இஞ்சினைக் கிளப்பினேன். பதிலைக் கேட்காமலே தெருமுனை திரும்ப வேண்டியதாயிற்று.

சிவகாசி வழியாகத் திரும்பினேன். மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் பக்கம் கரிசல். ரோடு நூல் பிடித்த மாதிரி. வளைவே இல்லாத ஊருக்கு வளைவுக்கென்று ஒரு காரை ஓட்டிப் போகிறேனே என்று தோன்றியது. வீட்டில் செல்வின் ஒடுங்கிய கதவை மூன்றுமுறை தடவிப் பார்த்துவிட்டு, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றார். பத்து நிமிஷம் கழித்து, "ஒரு ரவுண்டு போவமா?" என்றும் அவர்தான் கேட்டார்.

திங்கட்கிழமை சிவகாசிக்கு நான் போனபோது சர்ஜன் இன்னும் வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுற்றுவழியாகவே போய்வந்தேன். பொறுப்பான மனுஷி செய்கிற காரியமில்லை. குற்றாலம், பாபநாசம், எங்கே மலை ரோட்டைத் தொடுகிறதோ அங்கே. போகும்போதெல்லாம் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன முடிவாயிற்று என்ற கேள்வி கூடவே வந்தது. போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருஷம் மாசி வாக்கில் தென்காசியில் ஒரு கேஸ் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பாமல் செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினேன். இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை, பின்னால் ஹாரன். சிவப்பு வேன். கூரைமேல் கட்டுகள், தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்கியிருந்தது. வழி விட்டேன். பக்கத்தில் வந்தபோது, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்த அருள்மணி முதலில் தெரிந்தார். அவருக்கு அப்பால் ஸ்டியரிங்கில் வசந்தா. அவள் என்னைப் பார்த்தாளோ இல்லையோ, நீல வண்டியைப் பார்த்தாள். இரண்டுமுறை ஹாரன் அடித்துவிட்டு முன்னால் போய்விட்டாள்.

மூன்றாவது கியரைப் போட்டுத் துரத்தினேன். பாரம் ஏற்றிய வேன்தானே, பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அதன் சிவப்புப் பின்புறம் மறைவது மட்டும்தான் கண்ணில் பட்டது. கேரளப் பக்கத்து ஆரியங்காவு வரை பிடிக்க முடியவில்லை.